எந்தப் பாடம் என்று தெரியாமலேயே கல்லூரிக்குத் திரும்புதல்

முப்பதைத் தாண்டிய ஒருவர் மீண்டும் கல்லூரியில் சேரப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் மனதாரப் பாராட்டுவார். பாராட்டு முடிவதற்குள் என்ன படிக்கப் போகிறீர்கள் என்ற கேள்வி வந்துவிடும். இன்னும் முடிவு செய்யவில்லை என்று நான் பதில் சொன்னவுடன் பாராட்டியவரின் முகம் மாறுவதைச் சில மாதங்களாகவே பார்த்து வருகிறேன். பதினெட்டு வயதுப் பிள்ளை அதே பதிலைச் சொன்னால் போகப் போகத் தெரிந்துவிடும் என்று விட்டுவிடுகிறவர்கள், வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் சொல்லும்போது அதைப் பொறுப்பின்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். என் அக்கா மட்டும் மனதில் பட்டதை வெளிப்படையாகவே கேட்டுவிட்டாள்: "என்ன படிக்கணும்னே தெரியாம எதுக்குடா போற? தெரிஞ்ச பிறகு போயேன்."

அக்காவின் கேள்வி நியாயமானது. பணமும் நேரமும் அளவாக இருக்கும்போது, போகுமிடத்தைத் தீர்மானித்துவிட்டுப் புறப்படுவதுதான் முறை என்று யாருக்கும் தோன்றும். ஆனால், தெரிந்த பிறகு போகலாம் என்ற அந்த யோசனையைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வந்தேன். பட்டப்படிப்பின் பாதியில் வேலை கிடைத்தது, வீட்டுக்கு வருமானம் தேவைப்பட்டது, படிப்பை நிறுத்தினேன். அதே சூழ்நிலை இன்று வந்தாலும் அதையேதான் செய்வேன். அதன் பிறகு வேலை நேரம் போக மீதி நேரத்தில் வரலாறு, மொழியியல், புள்ளியியல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், இணையத்தில் கிடைத்த விரிவுரைகளைக் கேட்டேன். அத்தனையும் எனக்குப் பிடித்திருந்தன. அதுதான் சிக்கலே. வெளியிலிருந்து பார்க்கிறவரைக்கும் ஏறக்குறைய எல்லாப் பாடங்களும் பிடிக்கும், ஏனென்றால் வெளியில் இருப்பவருக்குக் காட்டப்படுவது அந்தப் பாடத்தின் முடிவுகள் மட்டுமே. அந்த முடிவுகளை எட்டுவதற்காக அந்தத் துறையினர் நாள்தோறும் செய்யும் சலிப்பூட்டும் வேலை நம் கண்ணில் படுவதில்லை.

என்ன படிப்பது என்ற கேள்விக்கு மனித வரலாற்றில் அவ்வளவு பெரிய வயதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கலைப் பிரிவில் சேர்ந்த மாணவருக்குத் தேர்ந்தெடுப்பதற்கு என்று எதுவும் இருக்கவில்லை. இலக்கணம், தர்க்கம், அணியியல், எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழு கலைகள் என்பது எல்லோருக்கும் பொதுவான வரையறை. அதைக் கடந்த பிறகுதான் இறையியல், சட்டம், மருத்துவம் என்ற மூன்று வாசல்கள் வரும். பாடத்தை மாணவரே தேர்ந்துகொள்ளும் முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் சார்லஸ் எலியட். 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த அவர், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் குறைத்து, மாணவரின் விருப்பத்துக்கே ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்த லோவெல் அந்தச் சுதந்திரத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரவலும் வேண்டும் என்று விதி வகுத்தார். இன்று பல நாடுகளில் முதன்மைப் பாடம் என்றும் விருப்பப் பாடம் என்றும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருப்பதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம். ஆகவே, அந்தக் கட்டத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பவர் தமக்கு ஏதோ குறை இருப்பதாக நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்தக் கட்டமே ஒரு நூற்றைம்பது ஆண்டுக் கால ஏற்பாடு.

திகைப்பைத் தீர்ப்பதற்கென்று இருக்கும் கருவிகளையும் நான் விட்டுவைக்கவில்லை. விருப்பத் தேர்வுகள் என்று சொல்லப்படும் வினாத்தாள்களில் பழமையான ஒன்றை எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்டார். அவருடைய யோசனை எளிமையானது: ஒரு தொழிலில் நிலைத்திருப்பவர்களின் விருப்பு வெறுப்புகளைத் தொகுத்துக்கொண்டு, உங்களுடைய விருப்பு வெறுப்புகள் எந்தக் கூட்டத்தினருடையதோடு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடு, நாட்டங்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. கருவிகளோடும் கைகளாலும் வேலை செய்வது, ஆராய்வது, கலையைப் படைப்பது, பிறருக்குக் கற்பிப்பது அல்லது உதவுவது, பிறரை வழிநடத்துவது, ஒழுங்குபடுத்துவது. எனக்கு ஆராய்தலும் ஒழுங்குபடுத்தலும் முன்னால் வந்தன. படித்தவுடன் சரிதான் என்று தலையாட்டினேன். ஆனால், அந்த இரண்டும் சேர்ந்தால் புள்ளியியலும் வரும், நூலகவியலும் வரும், தணிக்கையும் வரும், ஆவணக் காப்பகமும் வரும். எந்தத் திசை என்று சொல்லுமே தவிர எந்தத் தெரு என்று அது சொல்லாது. நாட்டம் இருப்பதைத்தான் அந்தத் தேர்வுகள் அளக்கின்றன. திறமை இருக்கிறதா என்பதும், நாட்டம் மூன்றாம் மாதத்திலும் தாக்குப்பிடிக்குமா என்பதும் அவற்றின் கணக்கில் சேராதவை.

எனக்கு உண்மையில் உதவியது வேறொன்று. மூன்று துறைகளின் பழைய தேர்வு வினாத்தாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பாடத்திட்டத்தைப் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று இப்போது யாரிடமும் அடித்துச் சொல்வேன். பாடத்திட்டம் என்பது துறை தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் அறிமுகம். அதில் எல்லாம் சீராகவும் கம்பீரமாகவும் இருக்கும். வினாத்தாளிலோ, அந்தத் துறை தன் மாணவரிடம் கடைசியில் எதை எதிர்பார்க்கிறது என்பது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பார்த்தால், மூன்று ஆண்டுகள் எதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

வரலாற்று வினாத்தாளிலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் நான் அதிகம் படித்தது வரலாறுதான். ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு ஆவணப் பகுதிகளைக் கொடுத்து, இவற்றை எழுதியவர்கள் யார், யாருக்காக எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள், அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்டிருந்தார்கள். அருமையான கேள்வி. அதற்கு வேறொருவர் எழுதிய விடையைப் படிக்க எனக்கு மிகவும் ஆவலாக இருந்தது. ஆனால், நானே உட்கார்ந்து அதற்கு நான்கு பக்கம் எழுத வேண்டும் என்று நினைத்தபோது பேனாவை எடுக்கக் கை போகவில்லை. வரலாற்றில் நான் ஒரு நல்ல வாசகன் என்பதும், வாசகனாக இருப்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இதில் எனக்குச் சிறிது வருத்தம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மொழியியல் தாளில் எனக்குத் தெரியாத ஒரு மொழியின் சொற்களை ஒருமையிலும் பன்மையிலும் கொடுத்து, விதியைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். துருக்கி மொழியை வைத்து இதைக் காட்டலாம். வீடு என்பது எவ், வீடுகள் என்பது எவ்லெர். பூனை கெதி, பூனைகள் கெதிலெர். பறவை குஷ், பறவைகள் குஷ்லார். புத்தகம் கிதாப், புத்தகங்கள் கிதாப்லார். சில சொற்களுக்கு லெர் வருவதும் சிலவற்றுக்கு லார் வருவதும் ஏன்? பொருளை வைத்துப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. சொல்லின் கடைசி உயிரொலியைக் கவனித்தால், எ, இ போல நாக்கின் முன்பகுதி உயர்ந்து பிறக்கும் ஒலிகளுக்கு லெர் என்பதும், அ, உ போலப் பின்னால் பிறக்கும் ஒலிகளுக்கு லார் என்பதும் தெரிந்துவிடும். இது எளிய எடுத்துக்காட்டு. தாளில் இருந்தது இதைவிடக் கடினமானது. அதை ஒரு பேருந்துப் பயணம் முழுவதும் தாளின் பின்புறத்தில் கிறுக்கிக்கொண்டே வந்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கியும் நடைபாதையிலேயே நின்று அதை முடித்தேன்.

புள்ளியியல் தாளில்தான் ஓர் இரவு முழுவதும் மாட்டிக்கொண்டேன். சிறுநீரகக் கற்களுக்கான இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டு 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வின் எண்கள் அவை; புள்ளியியல் கற்பிப்பவர்கள் பலரும் எடுத்தாளும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு என்று பின்னர் தெரிந்தது. முதல் சிகிச்சை பெற்ற 350 பேரில் 273 பேருக்கு, அதாவது 78 விழுக்காட்டினருக்குக் குணமானது. இரண்டாவது சிகிச்சை பெற்ற 350 பேரில் 289 பேருக்கு, அதாவது 83 விழுக்காட்டினருக்குக் குணமானது. இரண்டாவதுதான் சிறந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அங்கே அதே நோயாளிகளைக் கல்லின் அளவை வைத்துப் பிரித்திருந்தார்கள். சிறிய கல் உள்ளவர்களில் முதல் சிகிச்சைக்கு 87 பேரில் 81 பேர், இரண்டாவதற்கு 270 பேரில் 234 பேர். விழுக்காட்டில் 93க்கு 87. பெரிய கல் உள்ளவர்களில் முதல் சிகிச்சைக்கு 263 பேரில் 192 பேர், இரண்டாவதற்கு 80 பேரில் 55 பேர். விழுக்காட்டில் 73க்கு 69. சிறிய கல்லிலும் முதல் சிகிச்சையே மேல், பெரிய கல்லிலும் முதல் சிகிச்சையே மேல், ஆனால் இரண்டையும் கூட்டினால் இரண்டாவது மேல் என்கிறது கணக்கு.

எங்கோ கூட்டலில் பிசகு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கூட்டினேன். கூட்டல் சரியாகவே இருந்தது. கடினமான நோயாளிகள், அதாவது பெரிய கல் உள்ளவர்கள், பெரும்பாலும் முதல் சிகிச்சைக்கே அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்பது பிடிபட்டபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. எளிதில் குணமாகக்கூடியவர்களை அதிகமாகப் பெற்றதால் இரண்டாவது சிகிச்சை மொத்தக் கணக்கில் முந்தியது போலத் தெரிகிறது. நான் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டு கிளைகளின் செயல்பாட்டை மொத்த விழுக்காட்டை வைத்து ஒப்பிட்டு அறிக்கை தயாரிக்கிறோம். அந்த இரவுக்குப் பிறகு அந்த அறிக்கையை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

இந்த மூன்று தாள்களும் எனக்கு என்ன பாடம் என்று சொல்லிவிட்டன என்று நினைக்க வேண்டாம். ஒன்றைக் கழித்துக் கொடுத்தன, அவ்வளவுதான். மீதி இரண்டில் எது என்பது தெரியவில்லை; இன்னும் பார்க்காத துறைகள் எத்தனையோ இருக்கின்றன. ஓர் இரவு ஈர்த்த கணக்கு ஒரு பருவம் முழுவதும் ஈர்க்குமா என்பது பருவம் முடிந்தால்தான் தெரியும். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெளிவாகிவிட்டது. எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டால் பதில் வராது. எந்தப் பாடத்தின் அலுப்பை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று கேட்டால் பதில் வரத் தொடங்குகிறது. அந்த அலுப்பு இருக்கும் இடம் வகுப்பறையும் வாராந்தரப் பயிற்சித் தாளும்தான். அக்காவுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

இனி, பாடம் முடிவாகாத ஒருவர் முதல் பருவத்தில் எதை எடுப்பது என்ற நடைமுறைக் கேள்வி. இதில் துறைகளுக்கிடையே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது, அதை எந்தச் சேர்க்கைக் கையேடும் முகப்பில் போடுவதில்லை. சில துறைகளில் பாடங்கள் படிப்படியாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நுண்கணிதம் முடிக்காமல் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குள் போக முடியாது. நிகழ்தகவு இல்லாமல் புள்ளியியல் அனுமானத்துக்குப் போக முடியாது. அது இல்லாமல் அதற்கு மேல் உள்ள எதையும் தொட முடியாது. இயற்பியல், பொறியியல், வேதியியல் ஆகியவற்றின் கதையும் இதுவே. புதிய மொழி ஒன்றைக் கற்பதும் அப்படித்தான். முன்தேவைப் பாடம் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த முதல் படி ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது என்றால், அதைத் தவறவிட்டவர் ஒரு முழு ஆண்டு காத்திருக்க வேண்டும். வரலாறு, சமூகவியல், இலக்கியம், தத்துவம் போன்றவற்றில் இந்த இறுக்கம் குறைவு. ஒரு காலகட்டத்தைப் பற்றிய பாடத்தைப் படிக்காமலே இன்னொரு காலகட்டத்தைப் பற்றிய பாடத்தில் சேரலாம். தாமதமாக வந்தவருக்கும் அங்கே இடமுண்டு.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு சற்று விசித்திரமாகத் தோன்றலாம். எதில் சேருவது என்று தெரியாதவர், எளிதாகவும் பொதுவாகவும் இருக்கும் பாடங்களில் தொடங்குவதே வழக்கம். ஆலோசகர்களும் பெரும்பாலும் அதையே சொல்கிறார்கள். ஆனால், படியேறும் துறைகளின் முதல் படியைத்தான் அவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நுண்கணிதம் படித்துவிட்டு வரலாற்றுக்குப் போனால் ஒரு பருவம்தான் செலவு, அதுவும் முழுதாக வீணில்லை. வரலாறு படித்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் பருவத்தில் புள்ளியியலுக்குத் திரும்ப நினைத்தால், முதல் படியிலிருந்து ஏறத் தொடங்க வேண்டும், படிப்பு முடியும் ஆண்டும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். தெரியாது என்ற நிலையில் இருப்பவருக்கு மிக முக்கியமான சொத்து இன்னும் மூடாத கதவுகள்தான். அவற்றில் எது முதலில் மூடும் என்பதைப் பார்த்து அதற்குள் காலை வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை பாடம் என்பதிலும் ஆசை அளவுக்கு மீறக் கூடாது. ஐரோப்பியக் கல்லூரிகள் பயன்படுத்தும் பொதுவான கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்பு ஆண்டுக்கு 60 கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வகுப்பு, வாசிப்பு, பயிற்சி, தேர்வுக்கான தயாரிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆறு கிரெடிட் உள்ள ஒரு பாடம் என்றால் 150 முதல் 180 மணி நேரம். பதினைந்து வாரப் பருவத்தில் வாரத்துக்கு 10 முதல் 12 மணி நேரம். இரண்டு பாடம் எடுத்தால் வாரத்தில் ஒரு நாள் முழுதும் தூங்காமல் விழித்திருந்து படித்ததற்குச் சமமான நேரம் போகும். வேலையிலிருந்துகொண்டு மூன்று பாடம் எடுக்கிறேன் என்பவர் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்கட்டும். நான் போட்டுப் பார்த்து இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். பாடம் பிடிக்கவில்லையா, அல்லது தூக்கமில்லாததால் எதுவுமே பிடிக்கவில்லையா என்று பிரித்தறிய முடியாத நிலைக்குப் போய்விட்டால், முதல் பருவத்தின் நோக்கமே பாழாகிவிடும்.

மறந்துபோனதைப் பற்றிய பயமும் இருந்தது. பழைய நோட்டு ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தொகை நுண்கணிதத்தில் பகுதி பகுதியாகத் தொகையிடும் முறை, பக்கம் முழுவதும் என் கையெழுத்திலேயே இருந்தது. ஓரத்தில் "குறியைக் கவனிக்கவும்" என்று இரண்டு கோடு போட்டு எனக்கு நானே எச்சரிக்கை வேறு எழுதி வைத்திருக்கிறேன். எதன் குறி, ஏன் கவனிக்க வேண்டும் என்பது ஒன்றும் விளங்கவில்லை. வேறு யாரோ எழுதியது போல இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து முதல் கணக்கிலிருந்து போட ஆரம்பித்தபோது, புதிதாகக் கற்பவருக்கு ஆகும் நேரம் எனக்கு ஆகவில்லை. மூன்றாவது கணக்கில் அந்தக் கழித்தல் குறி தவறியது, ஓரக் குறிப்புக்கு அர்த்தமும் விளங்கியது.

இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தாமே மனப்பாடம் செய்து, மறந்த பிறகு மீண்டும் மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து ஏறத்தாழ 34 விழுக்காடு நேரம் மிச்சமானது. ஒரு மாதம் கழித்தும் 21 விழுக்காடு மிச்சமானது. முதல் நாளில் மளமளவென்று சரிந்த நினைவு, அதன் பிறகு மெதுவாகத்தான் தேய்கிறது. நினைவுக்கு வரவில்லை என்பதால் மட்டும் எதுவுமே மிச்சமில்லை என்று ஆகிவிடாது. அவருடைய அசைகளுக்குப் பொருளே கிடையாது. புரிந்து படித்த நுண்கணிதத்தின் நிலை அதைவிடக் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தடம் மாறியவர்களின் கதைகளை எனக்கு அனுப்பிவைக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை நான் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் பாதை மாறி எங்கும் போய்ச் சேராதவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. எட்வர்ட் விட்டன் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, பொருளியலில் சில காலம் இருந்து, பிறகு இயற்பியலுக்கு வந்து, 1990இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார் என்பது உண்மைதான். அதைப் படித்து நான் என்ன செய்வது? அவருடைய மூளை எனக்கில்லை.

ஜூன் ஹு என்ற கணிதவியலாளரின் கதை மட்டும் வேறு காரணத்துக்காக மனதில் தங்கியது. கவிஞராக வேண்டும் என்று உயர்நிலைப் பள்ளியை விட்டு வெளியேறியவர் அவர்; பின்னர் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும் படிக்கச் சேர்ந்து, பட்டம் பெற ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அறிவியல் செய்தியாளராகலாம் என்ற எண்ணத்தில் இருந்தவர், ஜப்பானியக் கணிதவியலாளர் ஹெய்சுகே ஹிரோனாகா அங்கே வகுப்பெடுக்க வந்தபோது, அவரைப் பற்றிக் கட்டுரை எழுதலாம் என்ற நோக்கத்தோடுதான் வகுப்பில் போய் உட்கார்ந்தார். பாடம் கடினமாக இருந்ததால் மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், அவரோ வகுப்பிலேயே தங்கிவிட்டார். 2022இல் அவருக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தை விட்டுவிடுவோம். அவர் தம்முடைய பாடத்தைக் கண்டடைந்த இடம், வேறொரு காரணத்துக்காக உட்கார்ந்திருந்த வகுப்பு என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. வீட்டில் இருந்தபடி எவ்வளவு யோசித்திருந்தாலும் அந்த வகுப்பு அவருடைய யோசனையில் வந்திருக்காது. தொழில் ஆலோசனைத் துறையில் ஜான் க்ரம்போல்ட்ஸும் வேறு இருவரும் சேர்ந்து 1999இல் எழுதிய கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: தற்செயல் நிகழ்ச்சிகள் தவிர்க்க முடியாதவை, ஆகவே அவை நிகழக்கூடிய இடத்தில் நம்மை நாமே கொண்டுபோய் நிறுத்திக்கொள்ள வேண்டும், முடிவெடுக்காமல் இருப்பதை ஒரு நோயாகப் பார்க்கத் தேவையில்லை. வீட்டு முகப்பில் உட்கார்ந்து யோசிப்பதை அந்த இடங்களில் ஒன்றாக அவர்கள் சேர்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

விண்ணப்பப் படிவத்துக்கு வருகிறேன். முதன்மைப் பாடம் என்ற கட்டத்தைக் காலியாக விட இணையப் படிவம் அனுமதிக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் வயதைப் பார்த்துவிட்டு, "சார், ஏதாவது ஒண்ணு போடுங்க, ரெண்டாவது செமஸ்டர் பதிவுக்கு முன்னாடி மாத்திக்கலாம்" என்றார். எத்தனை முறை மாற்றலாம், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு மாற்ற முடியாது, மாற்றினால் பழைய கிரெடிட் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் தர முடியுமா என்று கேட்டபோது சிறிது அலுத்துக்கொண்டாலும், விதிமுறையின் நகலை எடுத்துக் கொடுத்தார். அதில்தான் பயனுள்ள செய்தி இருந்தது. புள்ளியியலில் சேர்ந்தவர் மொழியியலுக்கு மாறலாம். மொழியியலில் சேர்ந்தவர் புள்ளியியலுக்கு மாற வேண்டுமானால் முதல் பருவ நுண்கணிதத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். திரும்பிப் போக நினைப்பவர்கள் வேறெதை விட்டாலும் இந்த விதிமுறைத் தாளை மட்டும் கேட்டு வாங்காமல் வர வேண்டாம். பழைய மதிப்பெண் பட்டியலையும் கையோடு கொண்டுபோவது நல்லது. பாதியில் விட்ட படிப்பின் சில தாள்களையாவது கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்பதைச் சேர்வதற்கு முன் கேட்டால்தான் பயன்.

கட்டத்தில் புள்ளியியல் என்று போட்டேன். முதல் பருவத்துக்கு நுண்கணிதமும் மொழியியல் அறிமுகமும் எடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் வாராந்தரப் பயிற்சித் தாள் உண்டு. எதற்கு எத்தனை மதிப்பெண் வருகிறது என்பதோடு, இரண்டு தாளும் மேசையில் இருக்கும்போது எதை முதலில் எடுக்கிறேன், தவறிய கணக்கை மதிப்பெண் வந்த பிறகும் எதில் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன் என்பதையும் குறித்துவைக்கப் போகிறேன். மதிப்பெண் பொய் சொல்லலாம், ஏனென்றால் எளிய ஆசிரியரும் கடினமான ஆசிரியரும் இருக்கிறார்கள். எந்தத் தாளை நோக்கிக் கை முதலில் நீள்கிறது என்பதில் அந்தக் குழப்பம் குறைவு. இரண்டிலும் கை நீளவில்லை என்றால் மூன்றாவதாக ஒன்றைத் தேடுவதற்கு, மாற்றுவதற்கான கடைசித் தேதி வரை நேரமிருக்கிறது. அக்காவிடம் இந்த ஏற்பாட்டை விளக்கியபோது, "சரி, அப்ப பரீட்சைக்குன்னு லீவு போடுவியா?" என்று கேட்டாள். விடுப்புக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. அதை இந்த வாரம் முடிக்க வேண்டும்.